நுண்ணோக்கிக்கு ஆயுத பூஜை

சென்ற வருடம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, கோவையில் நான் ஆராய்ச்சி செய்யும் கல்லூரிக்குத் திரும்பிய வாரத்தில் நடந்தது இது. கல்யாணத்துக்குப் பிறகு பிஎச்.டி. சேர்ந்தவள் நான். கணவர் போத்தனூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். படிக்காதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை; என்ன படிக்கிறாய் என்று கேட்டதும் இல்லை. அந்த மனக்குறை எனக்கு உண்டு.

எலியின் மூளையை அறுக்காமல், அதன் உள்ளே ஆழத்தில் இருக்கும் நரம்பு செல்களைப் படம் பிடிப்பதுதான் என் வேலை. மோருக்குள் டார்ச் அடித்தால் வெளிச்சம் சிதறிப்போகும் அல்லவா, மூளைத் திசுவிலும் அப்படித்தான். அதனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை லென்ஸ் வழியாக ஒரே புள்ளியில் குவித்து உள்ளே அனுப்புவோம். ஒளிரும்படி செய்து வைத்த செல்கள் அந்த இடத்தில் மட்டும் மின்னும்.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு ஆழத்திலிருந்து தெளிவான ஒரு படம் தேவைப்பட்டது. கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு எலி மூளை மாதிரி. ஆனால் பூஜை முடிந்து வந்து பார்த்தால் மேலே ஓரளவு தெரிந்தது, கீழே போகப் போக வெறும் புகைமூட்டம். லேசரைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட, வெயிலில் வெளுக்கும் சாயம் போல செல்களின் ஒளிதான் மங்கிக்கொண்டே போனது. அது ஒரேயடியாகப் போய்விட்டால் அந்த அத்தியாயமே இல்லை. "திசு ஒளியைச் சிதறடிக்குதும்மா, விட்டுருங்க" என்றார் என் பேராசிரியர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இருட்டறையில் லென்ஸின் முனையை மாதிரிமேல் விட்ட தண்ணீருக்குள் இறக்கித்தான் படம் எடுப்போம். மறுநாள் மாதிரியை எடுக்கக் குனிந்தபோது குப்பென்று சந்தன வாசனை! விளக்கைப் போட்டேன். தண்ணீர் லேசாக மஞ்சள் நிறத்தில் இருந்தது. லென்ஸின் அடியில், குனிந்து பார்த்தால் ஒழியத் தெரியாத இடத்தில், அழகாக ஒரு சந்தனப் பொட்டு.

பதறிப்போய்த் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். துடைத்ததில் லென்ஸில் கீறல் விழுந்திருக்குமோ என்ற பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. "எந்தப் புண்ணியவானோ லென்ஸுக்குப் போய் பொட்டு வெச்சிருக்கானுங்க!" என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் கண்ணு வெச்சேன்."

விடுமுறைக்கு முந்தின நாள் எங்கள் ஆய்வகத்தில் பூஜை நடந்தபோது என்னைக் கூட்டிப்போக வந்தவர், நான் பொரி, சுண்டல் வாங்கப் போயிருந்த நேரத்தில் வைத்திருக்கிறார். "கம்ப்யூட்டருக்கு வெச்சாங்க, கதவுக்கு வெச்சாங்க, பிரிட்ஜுக்குக் கூட வெச்சாங்க. வேலை செய்யற முனைக்கு ஒருத்தருமே வெக்கல. நம்ம பட்டறைல மொதப் பொட்டு அதுக்குத்தான அம்மணி? உன்ற மிசினுக்கு மட்டும் வெக்காம வர்றதுக்கு மனசு கேக்கலை."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்காமல் என்கூடவே வந்துவிட்டார். பேராசிரியர் விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருட்டறையில் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். மெல்ல மெல்ல ஆழத்துக்கு இறக்கினேன். நேற்றுவரை புகையாக இருந்த இடத்தில் ஒரு நரம்பு செல், தன் கிளைகளையெல்லாம் விரித்துக்கொண்டு பளிச்சென்று வந்து நின்றது. லென்ஸில் கீறல் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

"இதெல்லாம் அறுக்காமயே தெரியுதா?" என்றார்.

"அறுக்காமத்தானுங்க."

"இன்னும் கீழ போலாமா?"

போனோம். அன்று அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது.

அந்தப் பொட்டு என் படத்தைக் கெடுத்தது உண்மைதான். ஆனால் தன் லேத்துக்குக் கொடுக்கும் அதே மரியாதையை என் வேலைக்கும் அவர் மனதுக்குள் கொடுத்து வைத்திருந்தார் என்பதை எனக்குக் காட்டியதும் அதுதான். அதற்குப் பிறகு அவர் பேசாமல் இருக்கிற நாட்களில்கூட எனக்குக் குறையென்று எதுவும் தோன்றியதில்லை.