அட்டென்ஷனின் கழுத்து

பஸ் டிப்போவின் உதிரிபாக ஸ்டோரில் வேலை பார்த்த அந்த மனிதரை எல்லோரும் ‘அட்டென்ஷன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். எந்நேரமும் விறைப்பாக நிற்பார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப மாட்டார். காலை நகர்த்தி, தோளோடு சேர்த்து உடம்பையே திருப்பிப் பார்ப்பார். ராணுவத்தில் லாரி ஓட்டியவர், பட்டாளத்து மிடுக்கு இன்னும் விடவில்லை என்று மெக்கானிக்குகள் பேசிக்கொண்டார்கள். திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்களும் உண்டு.

அது மிடுக்கும் இல்லை, திமிரும் இல்லை என்பது அவர் மனைவிக்குத் தெரியும். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவள் அவள். அவருக்கான சட்டை எல்லாவற்றையும் முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்தே தைப்பாள். தலைவழியாகப் போடுகிற பனியன் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. காலையில் அவருடைய ஷூ லேஸைக் கட்டிவிடுவதும் அவள்தான். இதையெல்லாம் வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

ராணுவத்தில் மலைப்பாதைகளில் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மழைநாளில் பாதையின் ஓரம் சரிந்து லாரி பள்ளத்தில் உருண்டது. அவர் தலை கேபினின் கூரையில் போய் மோதியது. ஆனால் அவருக்கு அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. கூட வந்த கிளீனருக்குக் கால் நசுங்கியிருந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வழுக்குகிற மண்ணில் மேலே ஏறி வந்தார். முகாமில் கழுத்துக்கு ஒரு பட்டையும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வலி கொஞ்சம் அடங்கியதும் பட்டையைக் கழற்றி வீசிவிட்டு மறுபடியும் ஸ்டேரிங் பிடித்தார். ஒருத்தனுக்குக் காலே போகப் பார்த்தது, நமக்குக் கழுத்துப் பிடிப்புத்தானே என்பது அவர் நினைப்பு.

ஓய்வு பெற்று வந்தபின் டிப்போவில் பஸ் ஓட்டினார். வருஷம் போகப் போகக் கழுத்து இறுகியது. இடது கை மரத்துப்போகும். விரல்களில் எறும்பு ஊரும். இடுப்பும் வலிக்கும். ஒருநாள் வளைவில் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கத் தலை திரும்பவில்லை. ஓரமாக நின்ற ஒரு வேனை பஸ் உரசிவிட்டது. யாருக்கும் காயமில்லை. அவர் வண்டியை ஓரம் கட்டி, மேனேஜரிடம் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

“இனி எனக்கு பஸ் வேணாம் சார். ஸ்டோர்ல ஏதாச்சும் இருந்தா குடுங்க.”

அன்றைக்குத்தான் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். ராணுவத்தில் பட்ட அடிக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டே ஆகவேண்டும் என்றாள். அவர் முனகிக்கொண்டே விண்ணப்பித்தார். மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள்.

டாக்டர், “தலையை வலது பக்கம் திருப்புங்க” என்றார். அவர் திருப்பினார். “இடது.” திருப்பினார். “குனியுங்க.” குனிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, அணிவகுப்பில் நிற்பதுபோல எல்லாவற்றையும் செய்துகாட்டினார். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, “பரவாயில்ல சார்” என்றார். வீட்டுக்கு வந்தவரால் மறுநாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

பதில் வந்தது. வயதினால் வரும் எலும்புத் தேய்மானம், ராணுவப் பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை, கழுத்து அசைவு ஏறக்குறைய இயல்பாக உள்ளது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

“விட்டுத் தள்ளு,” என்றார் அவர். “நான் என்ன, யாசகமா கேக்கறேன்?”

“யாசகம் இல்லைன்னுதானே நானும் சொல்றேன்,” என்றாள் அவள். “நீங்க கிளம்புங்க.”

முன்னாள் படைவீரர் சங்கத்தின் அலுவலகம் ஒரு அச்சகத்துக்கு மேலே இருந்தது. மேல்முறையீடுகளைப் பார்த்துக்கொண்டவர் ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’. கீழே மெஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறிப் பேசிப் பேசி அவர் குரல் கணீரென்றிருந்தது.

“எங்க வலிக்குது, தம்பி?”

“பரவாயில்லைங்க சிஸ்டர்.”

“பரவாயில்லைங்கிறது உடம்புல எந்தப் பக்கம் இருக்கு?”

மனைவி சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுபோனது.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார் சிஸ்டர்.

“சுருக்குன்னு இழுத்துச்சு.”

“அப்பாடா, வாயத் தொறந்தாச்சு. இதைத்தான் அங்கயும் சொல்லணும். கூட்டியும் சொல்ல வேணாம், குறைச்சும் சொல்ல வேணாம். வலிய மறைச்சா அதுவும் பொய்தான், தம்பி.”

அந்தச் சொல் அவரைத் தைத்தது. வாழ்நாளில் யாரும் அவரைப் பொய்யர் என்று சொன்னதில்லை.

அடிபட்டதை நேரில் பார்த்தவர் ஒருவர் வந்து சொன்னால் நல்லது என்றார் சிஸ்டர். கிளீனரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவன் வேறு ஊரில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பதாகக் கேள்வி.

“அவனே காலை இழுத்துக்கிட்டு நடக்கறவன். அவன்கிட்ட போய் என் கழுத்துக்கு சாட்சி சொல்லுன்னு எப்படிக் கேக்கறது?”

“நீங்க கேக்க வேணாம், நான் கேக்கறேன்,” என்று மனைவியே நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

விஷயத்தைச் சொன்னாள். “அண்ணி, அண்ணனுக்கு அது இன்னும் சரியாகலையா?” என்றான் கிளீனர். “எந்தத் தேதின்னு மட்டும் சொல்லுங்க. கடையப் பூட்டிட்டு வந்துடறேன்.”

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவி கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: “முதல் பரிசோதனையில தலைய நல்லாத்தானே திருப்பியிருக்கீங்க?”

“திருப்பச் சொன்னாங்க, திருப்பிட்டேன் மேடம். உத்தரவு வந்தா செஞ்சுதானே பழக்கம்.” விறைப்பாக நின்றபடியே தொடர்ந்தார். “வலிச்சது. நான்தான் சொல்லல.”

அடுத்து கிளீனர் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்தான். நரைத்த மீசை, விரலிடுக்குகளில் கிரீஸ்.

“என் காலுலேர்ந்து ரத்தம் கொட்டிச்சு. அதனால எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. இவர் கழுத்துல ரத்தம் வரல, யாரும் பாக்கல. ஆம்புலன்ஸுல நான் படுத்திருந்தேன், இவர் எதிர்ல உக்காந்திருந்தார். வழி முழுக்க ரெண்டு கையாலயும் தன் தலையத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தார். ‘என்னண்ணே’ன்னு கேட்டேன். ‘ஒண்ணுமில்லடா, நீ தூங்கு’ன்னார். அன்னிக்கி சத்தம் போட்டு நானாவது நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கலாம். இப்பச் சொல்றேன்.”

தலைவி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசினார். வேறு டாக்டரிடம் புதிதாகப் பரிசோதனை நடக்கட்டும் என்று உத்தரவானது.

புது டாக்டர் சின்ன வயதுக்காரி. கோணம் அளக்கும் கருவியைக் கழுத்தருகே வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பச் சொன்னார். அவர் கொஞ்சம் திருப்பினார். பழக்கம் அவரை இன்னும் தள்ளியது. பல் கடிபட்டது. சிஸ்டர் சொன்ன அந்த ஒரு சொல் நினைவுக்கு வந்தது.

“இங்க வலிக்குது டாக்டர்,” என்றார். “இதுக்கு மேலயும் திருப்ப முடியும். ஆனா வலிக்குது.”

“அப்ப அங்கயே நிறுத்திக்கலாம்,” என்றார் டாக்டர், சாதாரணமாக.

அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சன்னலைப் பார்க்கத் தலையைத் திருப்ப முடியாததால், டாக்டருக்கு எதிரிலேயே துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் தீர்ப்பு வந்தது. கழுத்துப் பாதிப்பு ராணுவப் பணியில் ஏற்பட்டதே. கை மரத்துப்போவதும் அதன் தொடர்ச்சியே. உதவித்தொகையோடு சிகிச்சைச் செலவும் உண்டு. இடுப்பு வலியை மட்டும் ஏற்கவில்லை; அதற்குத் தனியாக மேல்முறையீடு செய்துகொள்ளலாம். முதலில் கிளீனருக்குத்தான் போன் போட்டார். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. “அண்ணே, நல்லதுண்ணே” என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் மனைவிக்குக் கேட்டது.

வாரம் தவறாமல் பிசியோதெரபிக்குப் போக ஆரம்பித்தார். கழுத்து முழுசாகச் சரியாகிவிடாது என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். ஆனாலும் கை மரப்பு குறைந்தது. ராத்திரியில் புரளாமல் தூங்கினார். டிப்போவில் ஒரு மெக்கானிக், “அட்டென்ஷன், இந்த டிரம்மைக் கொஞ்சம் இறக்கித் தாங்க” என்றபோது, “எனக்குக் கழுத்து சரியில்லப்பா, நீயே இறக்கிக்கோ” என்றார். அவன் ஒரு கணம் அவரையே பார்த்துவிட்டுப் போய் இறக்கிக்கொண்டான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

வீட்டில் கதை வேறு. காலையில் தோள், மதியம் முழங்கால், சாயங்காலம் குதிகால் என்று வரிசையாகப் புகார் வந்தது.

“இத்தனை வருஷம் சொல்லாததை எல்லாம் சேத்து வச்சு சொல்றீங்களா?” என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

“கேட்டா சொல்லணும்னு நீயும் சிஸ்டரும்தானே சொன்னீங்க.”

“நான் எப்ப கேட்டேன்?”

இடுப்புக்கான மேல்முறையீட்டுக்கு நாள் குறித்ததும் இரண்டு பேருமாகச் சங்கத்துக்குப் போனார்கள். கீழே அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் பேனாவைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்: உட்கார்ந்தால் எப்படி, எழுந்தால் எப்படி, பஸ் படியில் ஏறும்போது எந்தக் காலில் சுள்ளென்று இறங்குகிறது என்று.

“மெதுவா தம்பி, மெதுவா,” என்றார் சிஸ்டர். “என்னை எழுத விடுங்க.”