குமிழ் முன்னால், கெய்ன் பின்னால்

வீடு வீடாகப் போய் ஸ்டீரியோ செட் பண்ணுகிறவனுக்குச் சத்தத்தைவிட மனிதர்களை அடக்குவதுதான் பெரும்பாடு. ஏசி, ஆட்டோ கேட், வாட்டர் ஹீட்டர் என்று அடுத்தவர் வீட்டில் முட்டி போட்டு வேலை பார்க்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பங்சார் வக்கீல்

பங்சாரில் ஒரு வக்கீல். புது ஆம்ப்ளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர். வால்யூம் குமிழைக் கால்வாசி திருப்பியதுமே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. மீதி முக்கால்வாசி எதற்கு என்றார். ஸ்பீக்கர் கிழிவதற்கு என்றேன். நம்பினால்தானே!

ஆம்ப்ளிஃபயரின் பின்னால், சுவரைப் பார்த்தபடி, கெய்ன் என்று இன்னொரு சின்னக் குமிழ் உண்டு. தண்ணீர் மீட்டர் பக்கத்து வால்வு மாதிரி. அதை இறுக்கிவிட்டால் சமையலறைக் குழாயை எவ்வளவு திறந்தாலும் நிதானமாகத்தான் ஊற்றும். கேபிளைச் சரிபார்க்கிற சாக்கில் அதைக் குறைத்தேன். இப்போது அதே சத்தத்துக்கு முன் குமிழ் முக்கால்வாசி வரை போனது. வக்கீல் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஹா! பாஸ், இப்பதான் பவர் தெரியுது!"

கிள்ளானில் ஒரே சுவர்

ராஜேந்திரன் அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். லிங்க் வீடு. இவருக்கும் பக்கத்து வீட்டு முனியாண்டி அங்கிளுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். முனியாண்டி அங்கிள் பெரிய செட் வாங்கி, விடிந்தால் பக்திப் பாட்டு, பொழுது சாய்ந்தால் கரோக்கே என்று முழங்கிக்கொண்டிருந்தார். இவரும் சளைக்காமல் ஒரு செட் வாங்கி, மாட்டிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்.

தீபாவளியன்று யார் வந்தாலும் விருந்து என்று கதவைத் திறந்து வைக்கிற ஓப்பன் ஹவுசுக்கு முனியாண்டி அங்கிள் வருவார். முறுக்கைத் தொடும் முன் குமிழைத்தான் பார்ப்பார். நம் ஆட்கள் பலகாரம் சாப்பிடவா போகிறார்கள், புது சாமான் பார்க்கத்தானே! அன்றைக்குக் குமிழ் கடைசியில் நிற்க வேண்டும் என்று ராஜேந்திரன் அங்கிள் சொல்லி, என் கண்ணெதிரே திருகியும் காட்டினார். அலமாரியில் இருந்த கோப்பை குதித்துக் கீழே விழுந்தது.

"தம்பி, அவன் வீட்டு சுவத்துல ஆணி கழண்டு விழணும்லா!"

மாடியிலிருந்து ஒரு பை

ஆணி விழவில்லை, மகள் ஷாலினி இறங்கி வந்தாள், கையில் துணிப்பையோடு. நர்ஸ். இராத்திரி வேலை, பகலில்தான் தூக்கம். இரண்டு வீட்டுப் பாட்டுக்கும் நடுவில் கண் இரண்டும் சிவந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரூம் பார்த்துவிட்டாளாம், பாதித் துணியை இப்போதே கொண்டுபோய் வைத்துவிட்டு, தீபாவளி முடிந்ததும் ஒரேயடியாகப் போகிறாளாம். அங்கிள் குனிந்து, கீழே விழுந்த கோப்பையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அம்மா இல்லாத வீடு. அவளும் கிளம்பிவிட்டால் அந்த ஹாலில் அவரும் ஸ்பீக்கரும்தான். நான் கிளம்பும்போது வாசலில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எங்கப்பாவ மாத்த முடியாது. அந்த மெஷினையாச்சும் மாத்திவிடுங்கண்ணே."

ஓப்பன் ஹவுஸ்

தீபாவளிக்கு முதல் நாள் 'செக்கிங்' என்று போய், வக்கீலுக்குப் பார்த்த வைத்தியத்தையே பார்த்தேன். கெய்னை அடிமட்டத்துக்கு இறக்கினேன். குமிழ் கடைசியில் நின்றாலும் பாட்டு ஹாலைத் தாண்டாது.

மறுநாள் நானும் விருந்தாளி. நினைத்த மாதிரியே முனியாண்டி அங்கிள் நேராகப் போய்க் குமிழைப் பார்த்தார். ஃபுல்! ஆனால் காதுக்கு இதமாக இருக்கிறது. இவ்வளவு பெரிய செட்டுக்குத்தான் இந்த அடக்கம் வரும் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து, என்னைக் கையோடு தன் வீட்டுக்கு இழுத்துப் போய் அதே மாதிரி செட் பண்ணச் சொன்னார். கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? அங்கேயும் இறக்கினேன்.

தீபாவளி கழிந்து ராஜேந்திரன் அங்கிள் வீட்டுக்கு ஒரு கேபிள் மாற்றப் போனேன். பட்டப்பகல், குமிழ் ஃபுல், மாடியில் ஷாலினி நல்ல தூக்கம். ரூமை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அங்கிளை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரே பெருமை. கேட் வரை கூடவே வந்தவர் என் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பின்னால நீ கைய வெச்சது எனக்குத் தெரியும்லா. புள்ள வீட்ல இருந்தா போதும். பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட மட்டும் சொல்லிடாத."

ஊர் கண்ணுக்குக் குமிழையும் வீட்டார் காதுக்குக் கெய்னையும் தனித்தனியாக வைக்கத் தெரிந்தவனுக்கு, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலைக்குப் பஞ்சமே வராது.