ரயில் வந்தால் கை தூக்குகிறவன்

அந்தக் கேசட்டைப் பற்றி யார் பேச வந்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். "ஏன் அங்கிள், மூணாவது பாட்டு பாதியில அறுந்து போகுதே, ரெக்கார்டிங் மிஸ்டேக்கா?" ஆமாம், மிஸ்டேக்தான். என் மிஸ்டேக். இந்தக் கையால் நானே செய்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சினார்கள், சத்தம் போட்டார்கள். நான் மசியவில்லை. இன்றைக்கும் மசியமாட்டேன்.

எழுபதுகளில் மலாய் நாட்டுத் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நாலு பேர் தமிழில் ராக் பாட்டு போட்டுக்கொண்டிருந்தோம். எழுதுவது, மெட்டுப் போடுவது, கிட்டார் வாசிப்பது எல்லாம் நான். என் அப்பா ரயில்வேயில் கிளார்க், யாழ்ப்பாணத்து மனுஷர். பிள்ளை கவர்மென்ட் உத்தியோகத்தில் உட்காரவேண்டும், அதற்குக் கீழே எதுவும் அவருக்கு வேலையே இல்லை. தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு நான் போய் நின்றபோது "உனக்கென்ன விசரே, பைத்தியமே?" என்று கேட்டார். அப்புறம் மூன்று வருஷத்துக்கு அந்தக் கேள்வியைத் தவிர என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. கல்யாண வீட்டுக்கு வாசிக்கப் போனால் சினிமாப் பாட்டு கேட்பார்கள். வாசிக்கமாட்டோம். சாப்பாடு போடாமல் அனுப்பிய வீடுகள் உண்டு. போங்கய்யா என்று வயரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

எங்கள் அறை ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது. பின்பக்கம் தண்டவாளம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலில் பழைய மெத்தையைத் திணித்து, என்ன செய்தாலும் ரயில் சத்தம் உள்ளே வரும். அதனால் ஒரு சட்டம் வைத்தோம். ரயில் வந்தால் நான் கை தூக்குவேன். கை தூக்கினால் யார் எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்தவேண்டும், டேப்பையும் நிறுத்தவேண்டும். நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். மற்றவர்கள் காதுக்கு வருமுன் என் உள்ளங்காலுக்கு ரயில் வந்துவிடும். அது போனபிறகு பாட்டை முதலிலிருந்து தொடங்குவோம். டிரம்ஸ் வாசித்தவன் என் முகத்துக்கு நேரேயே திட்டுவான். திட்டட்டும், எங்கள் ரெக்கார்டிங்கில் ஒரு ரயில்கூடக் கிடையாது. அதில் எனக்குத் திமிர் என்றே சொல்லலாம்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒருவன் இன்ஷூரன்ஸ் விற்றான், ஒருவன் ஆஸ்திரேலியா போனான். நான் அறையை விடவில்லை. பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தேன், துணிக்கடைகளுக்கு விளம்பரப் பாட்டு எழுதினேன். வயிற்றைக் கழுவ முடிந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் மாடிப்படி ஏறி வந்தார்கள். துறைமுக ஊரான கிள்ளானிலிருந்து வந்த ராப் குழு. ஒருவன் ரேடியோ ரிப்பேர் செய்கிறவன், டிரம் மெஷின் அவன் பொறுப்பு. இன்னொருவன் லோரி ஓட்டுகிறவன். மூன்றாவது ஒரு பெண், கிள்ளானை ஒட்டிய பண்டமாரான்காரி, துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனி ஆபீஸில் டைப் அடிக்கிறவள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். எங்கள் பழைய ரெக்கார்டிலிருந்து என் கிட்டாரை நாலு நொடி மட்டும் வெட்டி எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் பேசியிருந்தார்கள். அதைப் போட்டுக்காட்டி அனுமதி கேட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "முழுப் பாட்டு இருக்கையில நாலு செகண்டை வெட்டித் தின்றீங்களே, வெட்கமா இல்ல?" என்றேன். ஆண்பிள்ளைகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவள் மட்டும், "மீதிய நீங்களே வாசிச்சுக் கொடுங்க லா அங்கிள். நாங்க ஏன் வெட்டப் போறோம்?" என்றாள். அங்கிள் என்று சொன்னால் கிட்டாரைத் தொடமாட்டேன் என்றேன். "சரி அங்கிள்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்தோம்.

அவர்கள் வேலை செய்யும் முறையே எனக்குப் புரியவில்லை. எனக்கு முதலில் மெட்டு, அப்புறம் வார்த்தை. அவர்களுக்கு மெட்டே கிடையாது. பீட்டைப் போட்டுவிட்டு, வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசினார்கள், மலாய் பாதி தமிழ் பாதி. என் பழைய டிரம்மர் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, "இதெல்லாம் பாட்டாடா? பாசார்ல மீன் விலை பேசுற மாதிரி இருக்கு" என்றான். ஒரு காலத்தில் எங்களைப் பார்த்து ஊரே இதைத்தான் சொன்னது, அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. "கேட்க முடியலன்னா கீழ போய்ச் சாப்பிடு" என்றேன். அவன் போய்ச் சாப்பிட்டான்.

நான்கு மாதம், ஞாயிறு ஞாயிறாகப் பதிவு செய்தோம். என்னிடம் நாலு டிராக் கேசட் ரெக்கார்டர் ஒன்று இருந்தது, அதில்தான் எல்லாம். என் சட்டத்தை அவர்களுக்கும் சொல்லியிருந்தேன். ரயில் வரும், கை தூக்குவேன், நிறுத்துவார்கள். "அலாமாக், மறுபடியுமா?" என்று லோரிக்காரன் தலையில் அடித்துக்கொள்வான். ஆனாலும் பழகிவிட்டார்கள்.

மூன்றாவது பாட்டு அவளுடைய அப்பாவைப் பற்றியது. அவர் துறைமுகத்தில் மூட்டை, இரும்பு இறக்குகிற வேலை செய்தவர். அவளுக்குப் பதினாலு வயதில் ஒருநாள் சங்கிலி அறுந்து சரக்கு மேலே விழுந்து செத்துப்போனார். குத்தகைக்காரனின் மண்டோர், அதாவது மேற்பார்வை பார்க்கிறவன், அவருடைய பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் பார்த்து நிக்கல" என்றானாம். பேப்பரிலும் அவர் கவனக்குறைவு என்றே எழுதினார்கள். சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெளியில் யாரும் கேட்கவில்லை. அந்தப் பாட்டின் கடைசி நாலு வரியில்தான் அவள் அதைச் சொல்கிறாள். அந்த நாலு வரிக்காகத்தான் அவள் ராப் பண்ணவே வந்தாள் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

பதிவுக்கு முன் அவள் கேட்டாள். "அங்கிள், இத ஒரு தடவதான் என்னால சொல்ல முடியும். பழகிப் பார்த்தாலே கடைசியில தொண்டை அடைச்சிக்குது. இந்தப் பாட்டுக்கு மட்டும் ரயில் வந்தாலும் நிறுத்தாதீங்க."

"ரயில் என்ன, வீடு இடிஞ்சாலும் நிறுத்தமாட்டேன், போ" என்றேன். சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். அவள் மைக்குக்கு முன் நின்றாள், நான் ரெக்கார்டருக்கு முன் உட்கார்ந்திருந்தேன். தொடங்கினாள். அந்த மாதிரி நான் கேட்டதே இல்லை. கத்தவில்லை, அழவில்லை, மண்டோர் எதிரிலேயே நிற்கிறான் என்று வைத்துக்கொண்டு பேசினாள். "பூட்ஸ வச்சிட்டுப் போறியே, ஆள எங்க வச்ச?" என்றாள். "பார்த்து நிக்கலன்னியே, கேளு இப்ப..." என்று அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தாள். அப்போது என் உள்ளங்காலில் ரயில் வந்தது.

என் வலது கை மேலே போனது. இடது கை டேப்பை நிறுத்தியது. இருபது வருஷப் பழக்கம், மூளையைக் கேட்கவே இல்லை. கையை மேலே வைத்துக்கொண்டுதான் நான் என்ன செய்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

ரயில் போய் முடிந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். "பரவால்ல அங்கிள்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரவாயில்லை என்னைக் கொன்றுவிட்டது. இரண்டு தரம் திரும்ப முயன்றாள், முதல் வரியே வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நானே பஸ் பிடித்துப் பண்டமாரான் போனேன். கம்பிக் கேட்டுக்கு வெளியே நின்று, "தப்பு என்னோடதுதான்மா. என்ன செய்யணும்னு சொல்லு. நானே போய் அந்த ரயிலுக்கு முன்னால நிக்கிறேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அத அப்படியே போடுங்க அங்கிள்."

"எப்படியே?"

"நீங்க நிறுத்துன இடத்துலயே நிக்கட்டும். எங்கப்பாவையும் இப்படித்தான் பேச விடாம நிறுத்துனாங்க. கேக்குறவங்களுக்கு எரியட்டும்."

அவள் மூச்சு இழுக்கிற சத்தம், அங்கே டக்கென்று அறுந்து, பாட்டின் மீதி நேரத்துக்கு வெறும் மௌனம். அப்படியே முடித்தோம்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கேசட் மொத்தமாக எடுத்து விற்கிற ஒரு பாய் இருந்தார். நல்ல மனுஷர், துணிக்கடையும் வைத்திருந்தார். மூன்றாவது பாட்டைக் கேட்டுவிட்டு டேப்பைத் தட்டிப் பார்த்தார். விஷயம் சொன்னேன். "தம்பி, வாங்குறவன் கேசட் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொண்டாருவான். கோயில் கச்சேரியில பாடுற பொண்ணு ஒண்ணு எனக்குத் தெரியும். மீதி நாலு வரிய அத வச்சுப் பேச வச்சிரலாமே" என்றார்.

"பாய், யாரோட அப்பாவுக்கு யார் பேசுறது?" என்று கேட்டேன். கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப அட்டையிலயாவது இது பழுது இல்லன்னு ஒரு வரி போட்டுருவோம்" என்றார். அதுவும் முடியாது என்றேன். பழுதுதான் அது. பழுதை எதற்கு நல்லதென்று சொல்லவேண்டும்? அவர், "நீங்கள்லாம் சேர்ந்து என்னைய ஒரு வழி பண்ணப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்னபடியே நடந்தது. கேசட்டுகள் திரும்பி வந்தன. பிளேயர் டேப்பைத் தின்றுவிட்டது என்று ஒருவர் பிளேயரையே தூக்கிக்கொண்டு வந்தாராம். பாய் போன் பண்ணிக் கத்தினார், நானும் பதிலுக்குக் கத்தினேன். கிள்ளானில் ஒரு கடைக்காரர் மட்டும், கேசட் வாங்குகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்: "மூணாவது பாட்டு அப்படித்தான் நிக்கும். ஏன்னு பண்டமாரான்ல போய்க் கேளு." கொஞ்ச நாளில் நிஜமாகவே கேட்கத் தொடங்கினார்கள். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் அவள் ஆபீஸ் வாசலுக்கே வந்து, மீதி என்ன என்று கேட்டார்களாம். அவள் யாருக்கும் சொல்லவில்லை.

அந்த வருஷக் கடைசியில் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் மேடை கிடைத்தது. மாலை ஐந்து மணி நிகழ்ச்சி. பாதிக்குமேல் துறைமுகத்து ஆட்கள், குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் அவளுடைய அம்மா. அம்மாவும் அந்தக் கேசட்டைக் கேட்டவள்தான். மகளிடம் மீதியைக் கேட்கத் தைரியமில்லாமல் இருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாவது பாட்டு வந்தது. நான் கிட்டாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். "பார்த்து நிக்கலன்னியே, கேளு இப்ப..." என்றாள். மூச்சை இழுத்தாள். மண்டபமே அங்கே நின்றது. எல்லாருக்கும் அந்த இடம் தெரியும், அறுபடும் என்று காத்திருந்தார்கள்.

அவள் நிறுத்தவில்லை.

"பார்த்துத்தான் நின்னாரு எங்கப்பா, உன்னையும் பார்த்தாரு. சங்கிலி தேஞ்சிருச்சுன்னு மூணு தடவ சொன்னாரு..."

"நாலு தடவடீ!"

அம்மா எழுந்து நின்றிருந்தாள். சேலை முந்தானை கீழே கிடந்தது, அவள் எடுக்கவில்லை. "மூணு இல்ல, நாலு தடவ சொன்னாரு! கடைசியா அன்னிக்குக் காலையிலயும் போய்ச் சொன்னாரு! எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு!"

டிரம் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ரேடியோக்காரன் அதை நிறுத்தலாமா என்று என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், நிறுத்தாதே என்று. அவள் அம்மாவைப் பார்த்தாள். மைக்கை இன்னும் கிட்டே இழுத்து, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

"நாலு தடவ சொன்னாரு" என்றாள். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன்.