சவரக்கத்தியும் எழுபதாம் வருடத்துப் பிரேசிலும்

ஆரியசாலையில் எனக்குச் சவரம் செய்யும் சலூன்காரருக்கு உதடு தெரியாத மீசை. எந்நாளும் பிரேசிலின் மஞ்சள் பனியன். கண்ணாடியோரம் போனைச் சாய்த்து வைத்து, வேறு வேறு காலத்து உலகக்கோப்பைச் சாம்பியன் அணிகளைக் கம்ப்யூட்டரே மோதவிடும் கால்பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் கத்தி பிடிப்பார்.

அன்று எழுபதாம் வருடத்துப் பிரேசிலும் எண்பத்தாறாம் வருடத்து அர்ஜென்டினாவும். நான் அர்ஜென்டினா கட்சி. ஆனால் கத்தி என் தொண்டையில் இருந்ததால், பிரேசிலை ஜெயிக்க வைக்கும்படி பழவங்காடிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன்.

கடைசி நிமிடத்தில் அர்ஜென்டினா கோல் போட்டது. என் கழுத்தில் ஈரம். ரத்தம்தான் என்று பதறித் தொட்டேன், விரலில் சிவப்பில்லை. அண்ணாந்து பார்த்தால், அவர் அழுதுகொண்டிருந்தார்.

"அண்ணே, இது போன்ல நடக்கற களி, வெறும் விளையாட்டுதானே? இன்னொரு தடவ போடுங்க, பிரேசில் ஜெயிச்சிரும்."

"தோத்த களிய திரும்பப் போடவா? அது கள்ளத்தனமில்லியா தம்பி!" என்றவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறு கன்னத்துக்கு நுரை போட்டார்.

ஒரு கீறல்கூட விழவில்லை. அழும்போதும் நடுங்காத அந்தக் கையை விட்டு வேறு கடைக்குப் போக எனக்கு மனமில்லை. ஆனால் இப்போதெல்லாம், பிரேசில் ஆடுகிறதா என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.