பாலைவனத்துக்கு நான் வரைந்த வழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, நாவூறு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கோயில் திருவிழாவில் யாருக்காவது சாமி வந்தால் தள்ளி நின்று நேரம் பார்க்கிற ஆள் நான். என் வேலை வரைபடம். சுவிஸில், ஊஸ்டர் என்கிற ஊரில் ஒரு நில அளவை அலுவலகத்தில், வேலி எங்கே முடிகிறது, கழிவுநீர்க் குழாய் எங்கே வளைகிறது என்று சென்ரிமீற்றர் கணக்கில் கீறுகிறவள். ஆவியை வரைபடத்தில் எங்கே வைப்பது என்று எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஆனாலும் இது நடந்தது. சிரிக்கிறதென்றால் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பதினெட்டு வயதிலிருந்து எனக்கு ஒரு விசர் இருந்தது, பைத்தியம் என்றே சொல்லலாம். கலிபோர்னியாவில் இருக்கிற ஒரு பாலைவனத் தேசியப் பூங்கா. பாலைவனம் என்றதும் உங்களுக்கு மணலும் ஒட்டகமும் ஞாபகம் வந்தால் அது உங்கள் பிழையில்லை, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பாடசாலை நூலகத்தில் அந்தப் படப் புத்தகத்தைத் திறக்கும்வரை. யானைகள் கூட்டமாகப் படுத்திருப்பதுபோல் உருண்டைப் பாறைகள், பொழுதுபடும் நேரம் அவை ரோஜா நிறமாகி, செம்பாகி, திடீரென்று நீலமாகிவிடும். கைகளை எல்லாப் பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கிற மரங்கள். மழை ஒரு துளி விழுந்தாலே ஊரெல்லாம் மணக்கிற ஒரு சின்னப் பற்றைச் செடி. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பள்ளத்தாக்கு நிறைய இடுப்புயரக் கள்ளிகள், உடம்பெல்லாம் வெள்ளை முள். சூரியன் அவற்றுக்குப் பின்னால் எழும்பும்போது ஒவ்வொரு முள்ளும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், பள்ளத்தாக்கே பற்றி எரிவதுபோல் இருக்கும், பத்து நிமிடம்தான், அதன்பிறகு வெறும் கள்ளி. அந்தப் பத்து நிமிடத்துக்காக மூன்று வருடம் படித்தேன். எந்தப் பாதை, எந்தப் பாறை, எந்த மாதம் சூரியன் எந்த மூலையில் எழும்பும், எல்லாம் மனப்பாடம்.

போக முடியவில்லை. என்னிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட், விசா கிடைக்கவில்லை. விசா கேட்காத சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட் எடுக்க, நாங்கள் முதலில் இருந்த டீட்டிகோனில் எங்கள் வருடங்கள் நிரம்பப் போகிற நேரம் பார்த்து, அப்பா பெரிய வீடு கிடைத்ததென்று எல்லோரையும் ஊஸ்டருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊர் மாறினால் புது ஊரில் முதலிலிருந்து வருடம் எண்ணவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சங்கவி கேட்காமலே எல்லாம் கிடைக்கிறவள். என் மாமாவின் மகள், மச்சாள், என் வயது. அவர்கள் டீட்டிகோனை விட்டு அசையவில்லை, சிவப்புப் பாஸ்போர்ட் வந்தது, வந்த வருடமே லொஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் அவளுடைய சித்தப்பா டிக்கெட் போட்டு அழைத்தார். பூங்கா அங்கிருந்து சில மணித்தியால ஓட்டம்தான். பறக்க ஒரு கிழமை இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"உன்ர அந்தக் கள்ளிக்காட்டுக்கு ஒருக்காப் போய்ப் பாக்கலாம் எண்டிருக்கிறன்," என்றாள், வாய் நிறைய ரோல்ஸ். "எங்கட ஊரில வேலிக்கு நிக்கிற சாமானைப் பாக்க ஏனடி இவ்வளவு தூரம் போகினம்?"

"போனால் தெரியும்."

"அப்ப வழியைக் கீறித் தா. அங்க போனுக்குச் சிக்னல் இல்லையாம். நீதானே பெரிய வரைபட எக்ஸ்பேர்ட்."

கீறினேன். சமையலறை மேசையில், அவள் கண்ணுக்கு முன்னால், நல்ல தடித்த தாளில். கார் நிறுத்துமிடம், காய்ந்த ஆற்றுப்படுகை, இரண்டாகப் பிளந்த பெரிய பாறை. அந்தப் பாறையில் வழி பிரியும். வலப்பக்கம் ஏறினால் ஒரு மேடு, அதற்குக் கீழே அந்தப் பள்ளத்தாக்கு. இடப்பக்கம் போனால் ஒடுக்கமான ஒரு பாறை இடுக்கு, பத்து மணிவரை வெயில் விழாது. நான் அம்புக்குறியை இடப்பக்கம் போட்டேன்.

கை நடுங்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய துரோகம் இல்லை, தெரிந்துதான் செய்தேன். அவள் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். கள்ளி என்று சிரிக்கிறவளுக்கு அந்தப் பத்து நிமிடம் எதற்கு? அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டு என் கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனாள்.

அது நவம்பர். ஊஸ்டரில் கிழமைக்கணக்காக மூடுபனி, வெயில் என்ற சாமானே இல்லை. அவள் அங்கே விடியமுன் நடக்கத் தொடங்குகிற நேரம் எங்களுக்குப் பிற்பகல். சித்தப்பாவுக்கு முழங்கால் வருத்தம், அவர் காரில் நித்திரை கொள்ளுவார், தான் தனியாகப் போகிறேன் என்று காலையிலேயே செய்தி போட்டிருந்தாள். நான் அலுவலகத்தில் இருந்து, வேலையை மூடிவைத்துவிட்டு, அந்தப் பூங்காவின் பெரிய அளவு வரைபடத்தைத் திரையில் திறந்தேன். ஏனென்று கேட்காதீர்கள். அவள் ஏமாறுவதை ஒவ்வொரு அடியாகப் பார்க்க ஆசைப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இடப்பக்கத்து இடுக்கை அதுவரை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை, போக நினைக்காத வழியை யார் பார்ப்பார்கள்? சமஉயரக் கோடுகள் ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புக் கோடாகி இருந்தன. வரைபடம் படிக்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும். செங்குத்துப் பாறை, கால் வைத்தால் நேரே கீழே. இருபது மீற்றராவது இருக்கும். இடுக்கு திரும்புகிற இடத்திலேயே, முன்கூட்டித் தெரியாத மாதிரி. அவள் கையில் ஒரு சின்ன ரோர்ச் வெளிச்சம் மட்டும்தான்.

அழைத்தேன். போகவில்லை. மறுபடி அழைத்தேன். சித்தப்பாவின் நம்பர் என்னிடம் இல்லை. மாமாவுக்கு எடுக்கலாம், எடுத்து என்ன சொல்வது? உங்கள் மகளை நான்தான் அந்தப் பக்கம் அனுப்பினேன் என்றா? ஜக்கெட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் ஏரிப் பக்கம் போயிருக்கிறேன். பனியில் தண்ணீர் எது கரை எது என்று தெரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாரும் இல்லாமலே, "வலப்பக்கம் போ சங்கவி, வலப்பக்கம், நான் பொய் கீறிப்போட்டன், வலப்பக்கம் போ" என்று சொல்லிக்கொண்டே நடந்தது ஞாபகம் இருக்கிறது. நாயோடு வந்த ஒரு வயதான சுவிஸ் பெண் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனார். அதுவரை தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு, நம்பினால் நம்புங்கள், ஒரு வாசம் வந்தது. தாரும் மழையும் கலந்ததுபோல், நான் வாழ்க்கையில் மணந்திராத, ஆனால் நூறு தரம் வாசித்திருந்த அந்தப் பற்றைச் செடியின் வாசம். அடுத்தது நான் ஏரிக்கரை வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன், நன்றாக இருட்டிவிட்டது. ஐந்து நிமிடம் போனதுபோல் இருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போயிருந்தது. வெறும் சட்டையோடு அந்தக் குளிரில் இருந்தவளுக்கு உடம்பு சூடாக இருந்தது, வெயிலில் நின்றுவிட்டு வந்ததுபோல்.

கையில் போன் அதிர்ந்தது. சங்கவியிடமிருந்து குரல் பதிவு, ஒரு சொல்லும் எழுதாமல், கை பட்டு அனுப்பினதுபோல். உயிரோடு இருக்கிறாள். வாங்கிலேயே குனிந்து அழுதுவிட்டுத்தான் அதைத் திறந்தேன்.

முதலில் காற்று. சரளைக்கல்லில் கால்கள் நடக்கிற சத்தம். பிறகு சங்கவி, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஐயோ... கடவுளே... இஞ்ச பாரன், இஞ்ச பாரன்!" பிறகு பக்கத்தில் இன்னொரு குரல் சிரித்தது. "இதை அவளுக்குச் சொல்லாத. எரிஞ்சு போவாள்." சங்கவியும் சிரித்தாள். "சரி, சொல்ல மாட்டன்."

அந்த இன்னொரு குரல் என்னுடையது.

அவள் திரும்பி வந்த கிழமையே டீட்டிகோனுக்குப் போனேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பதிவைப் போட்டேன்.

"ஆரடி இது?"

"என்ன பகிடியோ? நீதான்." அவள் முகத்தில் பகிடி இல்லை. "அந்தப் பாறையடியில இடப்பக்கம் திரும்பப் போறன், பின்னால நிண்டு வலப்பக்கம் போ எண்டு கத்தினாய். பிறகு முன்னுக்கு முன்னுக்கு நடந்தாய், ரோர்ச்சும் இல்லாமல். எனக்கு அந்த நேரம் அது புதினமாவே தெரியேல்லை. காருக்குத் திரும்பி வந்தாப்பிறகுதான் நீ எப்பிடி அங்க வந்தனீ எண்டு யோசிச்சன்."

"சங்கவி, அந்த அம்பு... நான் வேணுமெண்டுதான்..."

"தெரியும். நீ அங்கயே சொன்னனீதானே. சொல்லி எப்பிடி அழுதாய்! நான் மன்னிச்சிட்டன் எண்டும் சொன்னன், மறந்திட்டியோ?"

நான் வழி முழுக்க ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பை எனக்கு முன்னால் யாரோ ஒருத்தி கேட்டு, வாங்கியும் விட்டிருந்தாள். என்ன பார்த்தாய், மேட்டில் ஏறினதும் என்ன தெரிந்தது, அதையாவது சொல் என்று கெஞ்சினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். கமராவில் பாறை, மரம், சித்தப்பா, எல்லாவற்றுக்கும் படம் இருந்தது, அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒன்றுகூட இல்லை.

"நீதான் எடுக்க விடேல்லை," என்றாள். "ஒண்டு மட்டும் சொல்லுவன். உன்னை நான் ஒரு நாளும் அவ்வளவு சந்தோசமாப் பாத்ததில்லை. கள்ளி ஒவ்வொண்டுக்கும் பேர் சொல்லிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி. அண்டைக்கு இருந்த மாதிரி நீ எப்பவும் இருந்தால் எவ்வளவு நல்லம் தெரியுமோ."

இது நடந்து வருடங்களாகிவிட்டன. ஊஸ்டரில் எங்கள் கணக்கும் நிரம்பி எனக்கும் சிவப்புப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இரண்டு தரம் டிக்கெட் பார்த்து, இரண்டு தரமும் மூடிவிட்டேன். பயம் என்று நினைக்காதீர்கள். சங்கவியைப் பார்த்தும் எனக்கு இப்போது எரிச்சல் இல்லை, அவள் வெறுமனே பத்து நிமிடம் பார்த்துவிட்டு வந்தவள். எரிச்சல் வேறொருத்தி மேல். அன்று அவளுடைய அறையை விட்டுப் புறப்படும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டே, ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், கீழே இறங்கி வரும்போது நான் என்ன சொன்னேன் என்று.

"நீ எங்க இறங்கினனீ?" என்றாள். "நான் இன்னும் கொஞ்சம் பாக்கப்போறன், நீ போ எண்டிட்டு அங்கயே நிண்டிட்டாய்."