அழாதிருந்த பேத்தியும் ஒரு கபடித் தோல்வியும்

என் மகள் வாழ்க்கைப்பட்ட கீழப்பழுவூரில் துயர் வினவ வரும் பெண்கள், வாயிலை நெருங்கும்போதே குரலெடுத்து அழத் தொடங்குவர். வீட்டுப் பெண்கள் எழுந்து சென்று கழுத்தைக் கட்டிக்கொண்டு உடன் அழுவர். அழுது ஓய்ந்த பின்னரே குடிக்க நீர் கொடுப்பதும், நடந்ததைக் கேட்பதும். என் மருமகன் இறந்தபின் பல வாரங்கள் அவ்வீட்டில் அழுகை ஓயவில்லை. அழாதவள் என் பேத்தி ஒருத்திதான்.

அவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அரியலூரில் படித்தாள், பள்ளிக் கபடி அணியில் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போவதற்கு அவளைத்தான் நம்பியிருந்தனர். மாலைப் பயிற்சி முடிந்ததும் தந்தை இருசக்கர வண்டியில் சென்று அழைத்து வருவார். அன்றும் அதற்காகவே புறப்பட்டார். சுண்ணாம்புக்கல் ஏற்றிவந்த சரக்குந்து ஒன்று வழியில் அவரை மோதியது. பள்ளி வாயிலில் காத்திருந்தவளை அழைத்துவர வேறொருவர் போக நேர்ந்தது.

வந்த பெண்கள் அவளையும் கட்டிக்கொண்டு அழுதனர். கைகளைத் தொங்கவிட்டபடி அவள் அசையாது நின்றாள். அழுதுவிடும்படி சிலர் கெஞ்சினர், சிலர் அதட்டினர். முதிய உறவினர் ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்: "கல்லு மாதிரி நிக்கிறா பாரு. இவளக் கூட்டியாரப் போயித்தானே அவன் போய்ச் சேந்தான்."

அதன்பின் அவள் உணவு குறைந்தது. சீருடை உடலில் தொங்கியது. பள்ளிக்குப் பேருந்தில் போவாள், வருவாள், கேட்டதற்கு மட்டும் விடை சொல்வாள். கணவனை இழந்த என் மகள், இவளையும் இழந்துவிடுவோமோ என்று என்னிடம் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

அந்நிலையில்தான் உடற்கல்வி ஆசிரியை வீடு தேடி வந்தார். முறைப்படி அவரும் என் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, முகம் துடைத்துக்கொண்டு அமர்ந்தார். அரியலூர், பெரம்பலூர் மாவட்டப் பள்ளிகளுக்குப் பெரம்பலூரில் கபடிப் போட்டி நடக்கவிருப்பதைச் சொல்லி, பிள்ளையை அனுப்புமாறு கேட்டார்.

மருமகனின் தமையனார்தான் இப்போது அவ்வீட்டுக்கு மூத்தவர். தம்பி இறந்த நாள்முதல் அவரும் ஒழுங்காக உண்டதில்லை. அவர் மறுத்ததில் வன்மம் சிறிதும் இல்லை.

"வருசம் திரும்பட்டுங்க டீச்சர். துக்க வூட்டுல புள்ளைய வெளாட அனுப்பிட்டாங்கன்னு நாலு பேரு பேசுவாங்க."

"கப்பு வாங்கறதுக்குக் கேக்கலைங்க. மத்தப் புள்ளைங்க வெளாடறப்ப கோட்டோரமா வந்து நிக்கிறா. கோட்டத் தாண்டி உள்ள மட்டும் வரமாட்டேங்கிறா."

முன்பு சொன்ன அம்மூதாட்டி, அந்த விளையாட்டுதான் எமனாக வந்தது என்று முணுமுணுத்தாள். அதுவரை தலை குனிந்திருந்த என் மகள் நிமிர்ந்தாள்.

"அவரக் கொன்னது லாரி, பெரிய மாமா. கபடி இல்ல."

தமையனார் எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில், பிள்ளையைத் தாமே பெரம்பலூருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி, என்னையும் உடன் வரச் சொன்னார். பேருந்தில் போனோம். அந்தச் சாலையில் வண்டி ஓட்ட அவருக்கு மனம் வரவில்லை.

விளையாட்டு உடலை உரமாக்கும், ஒழுங்கைத் தரும் என்று, ஆசிரியப் பணியில் இருந்தபோது பள்ளி விழா மேடைகளில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். அவை பொய்யல்ல. ஆயினும் அன்று கண்டதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பேத்தி பாடிப் போனாள். பல நாள்களுக்குப் பின் அவள் குரலை உரக்கக் கேட்டேன். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மற்றொருத்தி அவள் கணுக்காலைப் பற்றினாள். எல்லாரும் மேலே விழுந்தனர். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தொலைவில் நீட்டிய கையோடு அவள் பாட்டு நின்றது. தோற்றுவிட்டனர்.

மேலே கிடந்தவர்கள் எழுந்தனர், அவள் எழவில்லை. மண்ணில் முகம் புதைத்து அழுதாள். முதலில் ஓசை இல்லை. பிறகு, கீழப்பழுவூர் வீட்டில் எவர் அழுகையிலும் நான் கேட்டிராத ஓலம் எழுந்தது. தமையனார் பதறி எழுந்தார். ஆசிரியை கையமர்த்தினார். அணிப் பெண்கள் அவளைச் சுற்றி மண்ணிலேயே அமர்ந்தனர். ஒருத்தி முதுகில் கை வைத்திருந்தாள். மற்றொருத்தி முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். அழு என்றோ அழாதே என்றோ எவளும் சொல்லவில்லை. தோற்ற ஒருத்தியின் அருகில் எப்படி இருக்க வேண்டும் என்பது அச்சிறுமியருக்குப் பழகியிருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது கைவரவில்லை.

பக்கத்தில் நின்ற ஒருவர், ஒரு புள்ளிக்கா இப்படி அழுவது என்று கேட்டுச் சிரித்தார்.

"இல்லைங்க," என்றார் தமையனார். "அவ அப்பன் செத்துட்டான்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நடுவர் ஊதல் ஒலித்தது. இரு அணியினரும் வரிசையில் நின்று கைகொடுக்க வேண்டும். தோழியர் இருபுறமும் தாங்கி அவளைத் தூக்கி நிறுத்தினர். கணுக்காலைப் பற்றிய பெண் எதிரே வந்தபோது, அழுகை நில்லாமலே, மண் படிந்த கையை அவளிடம் நீட்டினாள்.