வேட்டி கட்டிக்கொண்டு ஏறிய பாறை

கல்யாணமான முதல் வாரத்தில் என் மனைவி என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டைகூட நிரம்பாது. கேட்டால் "சரிங்க" என்பாள். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. திண்டுக்கல் டவுனில் தண்ணி மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன் நான். வருகிற ஆளிடமெல்லாம் நாள் முழுக்கப் பேசிப் பழகியவன். அவளோ ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், தக்காளியும் முருங்கையும் போடுகிற ஊர்க்காரி. இரண்டும் கத்தோலிக்கக் குடும்பம் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் பொதுவாக எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஈஸ்டர் முடிந்து வெயில் கொளுத்திய நேரம். மறுவீட்டு விருந்துக்கு அவள் ஊருக்குப் போயிருந்தோம். முதல் நாள் கோழி, மறுநாள் ஆடு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நான் கட்டிலில் புரண்டுகொண்டிருந்ததைப் பார்த்து மாமியாருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"மாப்பிள்ளைய எத்தன நேரந்தான் ஊட்டுக்குள்ளயே உக்கார வெப்பே? பொழுது சாயட்டும், குருசு மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா கண்ணு" என்றார் மகளிடம்.

ஊருக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவில், ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் குன்று அது. மரம் மட்டை இல்லை. உச்சியில் ஒரு கல் சிலுவை. தவக்காலத்தில் ஊரே பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுமாம்.

அடிவாரத்தில் அவள் செருப்பைக் கழற்றி உண்ணிச்செடிக்குக் கீழே தள்ளினாள். நானும் கழற்றினேன். சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் படி வெட்டியிருக்குதுங்க. இந்தப் பக்கம் வெறும் பாறைங்க. எப்படிப் போலாமுங்க?"

அதுவரை அவள் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அந்தச் சந்தோஷத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "படி என்னத்துக்கு? நீ எப்பவும் போற பக்கமே போவோம்."

பாறை சுட்டது. முதலில் சாய்வு மெதுவாகத்தான் இருந்தது. குனிந்து நடந்தால் போதும். போகப்போகக் கையையும் ஊன்ற வேண்டியதாயிற்று. அவள் விரல் நுழையும் வெடிப்பாகப் பார்த்துப் பிடித்து, பல்லிபோல ஏறிக்கொண்டிருந்தாள். மழைத்தண்ணீர் வழிந்து கறுத்த தடங்களை மட்டும் மிதிக்காமல் தாண்டினாள். நான் அவள் வைத்த இடத்திலேயே கை வைத்தேன். என் கால்தான் எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறியது. கடையில் மின்விசிறி மாட்டும் ஏணியைத் தவிர வேறெதிலும் ஏறிப் பழகாத கால்.

பாதிக்கு மேல் பாறை வயிறு தள்ளி நின்றது. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில்தான் கால் வைக்க இடம். அதுவரை இல்லாத காற்று, அந்த வளைவில் திரும்பியதும் முகத்தில் அறைந்தது. கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மாமனார் தோட்டத்துக் கிணறு ஒரு டம்ளர் வாயளவுக்குத் தெரிந்தது. எனக்கும் கிணற்றுக்கும் இடையில் பிடித்துக்கொள்ள ஒரு புல்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வேட்டி அவிழ்ந்தது. விருந்துக்கென்று எடுத்த புது வேட்டி. கஞ்சி விறைப்பில் மடித்துக் கட்டியது நிற்காமல் பிரிந்து, காற்று புகுந்து குடைபோல எழும்பி என் முகத்தையே மூடிவிட்டது. மாமியார் ஊர், கீழே தோட்டமெல்லாம் ஆட்கள். மானத்தைக் காப்பாற்ற ஒரு கையை எடுத்து வேட்டியைப் பிடித்தேன். கால் கறுப்புத் தடத்தில் சறுக்கியது. வேட்டி பாறையில் உரசிக் கிழிந்தது.

"டேய்! வேட்டிய உட்டுட்டுப் பாறையப் புடிடா!"

யார் குரல் என்று ஒரு கணம் புரியவில்லை. ஆனால் கை சொன்னபடி கேட்டது. வேட்டியை விட்டுவிட்டுப் பாறையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். நெஞ்சு அடித்த அடி பாறைக்கே கேட்டிருக்கும்.

அவள் விறுவிறுவென்று இறங்கி வந்தாள். பறந்துகொண்டிருந்த வேட்டி முனையைப் பிடித்து என் இடுப்பிலேயே இறுக்கிச் செருகினாள். பிறகு என் குதிகாலைப் பிடித்து, ஒரு பள்ளத்துக்குள் வைத்து அழுத்தினாள். "இப்ப இந்தக் கால்ல நில்லு. கீழ பாக்காத. என் கையப் பாரு."

நின்றேன். பார்த்தேன். அப்படியே ஒவ்வொரு அடியாக வளைவைத் தாண்டி, மிச்சப் பாறையையும் ஏறி, உச்சிக்குப் போய்ச் சிலுவை மேடையில் சாய்ந்து விழுந்தேன்.

அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஏனுங்க... பதட்டத்துல வாயில வந்துருச்சுங்க. ஊட்ல யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

"என்னன்னு சொல்ல? என் பொண்டாட்டி என்னைய 'டேய்'னு கூப்பிட்டான்னா, இல்ல, நான் வேட்டி பறக்க நின்னேன்னா?"

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நிறுத்துவாள் என்று பார்த்தால் என் இடுப்பைப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள்.

அதன்பிறகு பேச்சு வந்தது. தெற்கே மலைகள் நீலமாக நின்றன. சந்தைக்குப் போகும் தக்காளி லாரிகள் ரோட்டில் ஊர்ந்தன. எது யார் தோட்டம், எந்தக் கிணற்றில் நீச்சல் பழகினாள் என்றெல்லாம் காட்டினாள். எங்கள் வீட்டாரைக் கண்டால் பயமாக இருப்பதாகவும் சொன்னாள். "எல்லாரும் சண்ட போடற மாதிரியே பேசறீங்க. 'செத்த இரு'ன்னு உங்க அக்கா சொன்னப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சுங்க."

"அட, கொஞ்ச நேரம் இருன்னு அர்த்தம்!"

"அப்புறந்தான் தெரிஞ்சுதுங்க."

இறங்கும்போது படி வெட்டிய பக்கமாகவே இறங்கினோம். வீட்டு வாசலில் மாமியார் வேட்டியின் கிழிசலைப் பார்த்துத் திடுக்கிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார். "முள்ளு இழுத்துருச்சுங்மா" என்று என் மனைவி முகம் மாறாமல் சொன்னாள்.

மறுநாள் காலையில் என் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. திண்டுக்கல் பஸ் வந்து நின்றது. முதல் படியில் கால் தூக்க முடியவில்லை. பின்னால் கூட்டம் முட்டியது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஏறுங்க சார், பழனி மலையா ஏறச் சொல்றோம்?"

முன்னால் ஏறியிருந்தவள் திரும்பி வந்தாள். மொத்த பஸ்ஸும் பார்க்க, வெட்கப்படாமல் கையை நீட்டி என்னை ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துப் போட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் எதுவும் கேட்காமலேயே ஏதோ சொல்லத் தொடங்கினாள். என்ஜின் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. திண்டுக்கல் வரும்வரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.